நடப்பதற்கு இரண்டு கார்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய பெர்னடீன் அத்தைக்கு,

உங்கள் தம்பி மகன் ட்ரெவர் எழுதுவது. என் கால் கட்டைவிரல்கள் இரண்டைத் தவிர நான் நலம். நீங்களும் உங்கள் முழங்கால்களும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் காரும் நலம்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நேற்று மாலையிலிருந்து நீங்கள் தொலைபேசியில் "கார் எங்கடா?" என்று கேட்டுவிட்டு, நான் மூச்சை இழுப்பதற்குள் வைத்துவிடுகிறீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு மூச்சில் சொல்கிற மாதிரி பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். காலையில் காரை மீட்டுவிட்டேன். நீங்கள் தேவாலயத்திலிருந்து திரும்பும்போது அது உங்கள் வாசலில் நிற்கும். இந்தக் கடிதம் ஓட்டுநர் இருக்கையில் இருக்கும். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறத் தாளைப் பார்த்துப் பதற வேண்டாம். அது எச்சரிக்கைதான். அதைச் சுரண்டிப் பார்த்தேன், "எச்ச" வரைக்கும்தான் வந்தது.

ஏன் இந்தக் காரைக் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கோபத்தில் மறந்திருப்பீர்கள். நான் இருக்கும் வீட்டை மில்வாக்கியில் இருக்கிற யாரோ வாங்கிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். சனி, ஞாயிறுகளில் வந்து தங்குகிறவர்களுக்கு விடப் போகிறார்களாம். இந்த ஏரி ஊரில் வெறும் கட்டில்களுக்குப் பஞ்சமே இல்லை, அத்தை. திங்கள் முதல் வியாழன் வரை எல்லாக் கட்டிலும் விரிப்பு மடிப்பு கலையாமல் கிடக்கிறது. அந்த விரிப்பைத் துவைக்கிறவளுக்கும், அதில் படுக்க வருகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை மீன் பொரித்துப் போடுகிற எனக்கும்தான் படுக்க இடமில்லை. என் காதலி மாரெனின் அப்பா ஆரின் டாலெஃப்சனுடைய படகுக் கொட்டகைக்கு மேலே ஒரு சின்ன வீடு இருக்கிறது. ஓர் அறை, ஓர் அடுப்பு, ஏரியைப் பார்த்த ஜன்னல். வருஷக்கணக்காகக் காலி. நானும் மாரெனும் அங்கே குடி போகலாம். ஆனால் அதை அவரிடம் கேட்க முடியாது, அவராகவே சொல்ல வேண்டும் என்றாள் மாரென். "எங்க அப்பாகிட்ட எதையாவது கேட்டா அவர் இல்லைன்னு சொல்ல மாட்டார். அதுதான் ஆபத்து. வருஷக்கணக்கா ஆமாம்னும் சொல்ல மாட்டார். நீ எங்க கூட நடக்க வா. நடந்தா அவருக்கு மனசு இளகும்."

நீங்கள் காரைக் கொடுத்தீர்கள். கூடவே அந்த வீட்டை வாங்க ஒரு யோசனையும் கொடுத்தீர்கள்: "சாவி கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதடா." தயவுசெய்து இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டாலெஃப்சன் குடும்பம் ஒவ்வொரு அக்டோபரிலும் இலை உதிர்வதைப் பார்க்கக் காட்டுக்குள் நடக்கும். ஏரியின் தென்கோடியில் தொடங்கி வடகோடியில் முடிகிற பாதை. பெரிய பாதை ஒன்றும் இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் இவர்கள் போன வழியே திரும்ப மாட்டார்கள். ஒருதரம் பார்த்த மரத்தை மறுபடி பார்ப்பது இவர்களுக்கு நஷ்டம். ஆகவே இந்த முனையில் ஒரு கார், அந்த முனையில் ஒரு கார். இரண்டு கால் கொஞ்சம் நடப்பதற்கு எட்டுச் சக்கரம். என் வண்டி மார்ச் மாதம் படுத்ததிலிருந்து நான் வேலைக்கு நெடுஞ்சாலை ஓரச் சாக்கடைக் கரையில் நடந்து போய், நடந்தே திரும்புகிறேன். போகும்போது பார்த்த அதே மரங்கள், அதே செத்த ரக்கூன். அதை யாரும் இயற்கை ரசனை என்று சொன்னதில்லை. ஒரே ஒருத்தர் வண்டியை நிறுத்தி, குடித்திருக்கிறாயா என்று கேட்டார்.

வழக்கமாக எல்லோரும் ஒரு காரை முடிகிற இடத்தில் விட்டுவிட்டு, இன்னொன்றில் ஏறித் தொடங்குகிற இடத்துக்கு வருவார்கள். ஆரினுக்கு அதில் பெட்ரோல் வீணாவதாகத் தோன்றிவிட்டது. அவர் ஒரு திட்டம் போட்டார். அவரும் மாரெனும் அவருடைய டிரக்கை வடகோடியில் நிறுத்திவிட்டு இந்தப் பக்கமாக நடப்பார்கள். நானும் மாரெனின் அம்மா ஜூடித்தும் உங்கள் காரைத் தென்கோடியில் நிறுத்திவிட்டு அந்தப் பக்கமாக நடப்போம். நடுவில் ஓடைப் பாலத்தருகே ஒரு பெஞ்சு இருக்கிறது. அங்கே சந்தித்து, காப்பி குடித்து, சாவிகளை மாற்றிக்கொள்வோம். பிறகு அவரவர் வழியில் நடந்து, அவர் உங்கள் காரை ஓட்டி வருவார், நான் அவர் டிரக்கை ஓட்டி வருவேன். திட்டத்தில் ஒரு பிழையும் கிடையாது, அத்தை. எத்தனை தடவை யோசித்தாலும் கிடையாது.

ஜூடித் எனக்கு ஓர் ஆரஞ்சுக் குல்லாய் கொடுத்தார். வேட்டைக்காரர்கள் நம்மை மான் என்று நினைத்துவிடக் கூடாதாம். பாதி வழி நான் வாயே திறக்கவில்லை. அவர் மேப்பிள் மரத்தைக் காட்டினார், தலையாட்டினேன். மரங்கொத்தியைக் காட்டினார், தலையாட்டினேன். "ஏம்ப்பா, உனக்குப் பல்வலியா?" என்று கேட்டார். அவ்வளவு நன்றாக நடந்துகொண்டேன்.

பெஞ்சில் நான்கு பேரும் சந்தித்தோம். ஆரின் குடுவையிலிருந்து காப்பி ஊற்றினார். ஜூடித் பூசணிக் கேக் துண்டுகளை எடுத்தார். எல்லோரும் "வேணாம், நீங்க எடுத்துக்குங்க" என்று மூன்று சுற்று சொல்லிவிட்டு எடுத்தோம். மாரென் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஆரின் ஓடையைப் பார்த்தபடி, யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார்: "படகுத் துறைக்கு ஆள் வேணும்னு மே மாசத்துலேர்ந்து போர்டு வெச்சிருக்கேன். ஒருத்தன் வரல. இந்தக் காலத்துல எவனுக்கும் வேலை செய்யப் பிடிக்கல."

நான் காப்பியை விழுங்கினேன். கேக்கைக் கடித்தேன். மாரென் என் பூட்ஸை மிதித்தாள். உங்கள் முகத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன், சத்தியமாக.

"வேலைக்கு வந்தா ராத்திரி எங்க சார் தூங்கறது? போர்டுக்கு அடியிலயா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்ன சொல்ற தம்பி?"

"ஊர்ல இருக்கிற ஒவ்வொரு அறையையும் சனி, ஞாயிறு வர்ற சிகாகோக்காரங்களுக்கு விட்டுட்டீங்க. பாத்திரம் கழுவற பையன் வண்டிக்குள்ள தூங்கறான். ஆள் வரலைன்னா ஆளுக்குக் கூரை இல்லைன்னு அர்த்தம். சோம்பேறின்னு அர்த்தம் இல்ல."

"நான் யாருக்கும் எதையும் விடலையே."

"விடாமலும் வெச்சிருக்கீங்களே. மேல ஒரு வீடு எலிக்காகக் காலியா கெடக்கு!"

அத்தை, இந்தப் பக்கத்து ஆண்கள் கோபப்பட்டால் கத்த மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். என் அப்பாவும் அப்படித்தானே. ஆரின் குடுவையின் மூடியைத் திருகினார். மெதுவாக, அளவுக்கு அதிகமாகத் திருகினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் தன் தொடையில் பட்டென்று தட்டி, "சரி, அப்ப..." என்றார்.

அவ்வளவுதான். அந்தத் தட்டலைக் கேட்டால் நமக்கெல்லாம் உடம்பு தானாக எழுந்துவிடும். சின்ன வயதிலிருந்து பழகியது. விருந்தில் கடைசி வாய் மிச்சமிருந்தாலும் எழுந்துவிடுவோம். தட்டிய பிறகு ஒரு வார்த்தை கூடப் பேசுவது அநாகரிகம். நான்கு பேரும் தீப்பிடித்த கட்டடத்திலிருந்து கிளம்புவது போல எழுந்தோம். "பாத்துப் போங்க." "வழுக்கும், பாத்துப் போங்க." அவரும் மாரெனும் தெற்கே நடந்தார்கள். நானும் ஜூடித்தும் வடக்கே நடந்தோம். நான் அவ்வளவு வேகமாக நடந்தேன், ஜூடித் பின்னாலிருந்து, "மான் கூட இப்படி ஓடாதுப்பா" என்றார். வடகோடியில் மரங்களுக்கு நடுவே ஆரினின் டிரக் தெரிந்தது. பையில் கையை விட்டேன். உங்கள் கார்ச் சாவி வந்தது.

யாரும் சாவியை மாற்றிக்கொள்ளவில்லை.

காட்டில் தொலைபேசி எடுக்காது. தூறல் தொடங்கியது. நான் டிரக்கைச் சுற்றி நடந்தேன். இந்நேரம் ஆரினும் உங்கள் கார் முன்னால் தன் டிரக் சாவியோடு நிற்பார். யாராவது ஒருத்தர் திரும்பி நடந்தால் போதும். இருப்பது ஒரே பாதை, எப்படியும் எதிரே பார்த்துவிடலாம். ஆனால் முதலில் கிளம்புகிறவன்தான் தோற்றவன். நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை என்பதால், நான் கிளம்புவதாக இல்லை. ஜூடித் டிரக்கின் பின்பக்கத்தைத் திறந்து போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, பையிலிருந்த புதுப் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் பல்லில் கீச்சுக்கீச்சென்று சத்தம் வர மென்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, நீ இந்த வண்டியச் சுத்தினத நேராப் போட்டிருந்தா, இந்நேரம் பெஞ்சுக்கே போயிருக்கலாம்" என்றார்.

"அவர் வரட்டும். நான் என்ன தப்பாச் சொன்னேன்?"

"தப்புன்னு யார் சொன்னா?"

"அப்ப நீங்களே அவர்கிட்ட சொல்லலாமே, மேல் வீட்டைக் குடுங்கன்னு."

"முப்பது வருஷமா அவரோட இருக்கேன். எதையும் சொன்னதில்ல. அதனாலதான் இருக்கேன்."

மழை வலுத்தது. கோபத்துக்கு ஒரு வரம்பு உண்டு, நனைந்த காலுறைக்கு வரம்பே இல்லை. கடைசியில் நான் நடந்தேன். ஜூடித் பின்னாலேயே வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, பெஞ்சுக்கு வந்தால், எதிர்ப் பக்கத்திலிருந்து அதே நேரத்துக்கு ஆரினும் மாரெனும் வந்துகொண்டிருந்தார்கள். அவரும் உங்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, என்னைப் போலவே தோற்றுப்போய்க் கிளம்பியிருக்கிறார். நனைந்த ஆரஞ்சுக் குல்லாய்கள் நான்கும் ஒன்றையொன்று பார்த்து நின்றன. மாரெனின் மூக்கு சிவந்திருந்தது. மழையாலா அழுதாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ஆரின் ஓடையைப் பார்த்தார். நானும் ஓடையைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"தண்ணி ஏறுது" என்றார்.

"ஆமா சார். ஏறுது."

"வர்ற வழியில யோசிச்சேன்." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எலிக்காக இல்ல அந்த வீடு. எங்க அம்மா இருந்தாங்க. அப்புறம் யாரையும் வைக்கத் தோணல."

நான் குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"சும்மாதான் கெடக்கு" என்றார். "நீங்க ரெண்டு பேரும் இருக்கறதுன்னா இருங்க. அடுப்பு கொஞ்சம் பொகையும்."

இந்த ஊரில் இதற்கு மேல் அன்பாக ஒரு மனிதன் பேசி நான் கேட்டதில்லை. மாரென் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது ஆரின் பைக்குள் கைவிட்டு, டிரக் சாவியை எடுத்து, என்னை நோக்கி நீட்டினார். காலையில் செய்ய மறந்ததை இப்போது முறையாகச் செய்கிற மாதிரி, கொஞ்சம் தலை குனிந்து நீட்டினார்.

அத்தை, இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நாங்கள் ஏற்கனவே ஒருமுறை கடைசி வரை போய்த் திரும்பி வந்திருக்கிறோம். சாவியை மாற்றாமல் அவரவர் மேலே நடந்தாலே, நான் உங்கள் காருக்குப் போய்விடுவேன், அவர் டிரக்குக்குப் போய்விடுவார். வேறொன்றும் செய்ய வேண்டாம். சாவியை மாற்றிக்கொண்டால், இருவரும் வந்த வழியே திரும்ப வேண்டும். டாலெஃப்சன் குடும்பம் அதை மட்டும் செய்யாது. எனக்கு இது அந்த நிமிஷமே தெரிந்தது. "வேணாம் சார், உங்க சாவிய நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர் அப்போதுதான் தன் அம்மாவின் வீட்டைக் கொடுத்திருக்கிறார். அவர் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்வதா? ஒரே நாளில் இரண்டாம் முறை அவரை மறுத்துப் பேசுவதா? அப்போது உங்கள் குரல் என் காதில் கேட்டது: சாவி கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காதடா.

சாவி கைக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை. உங்கள் கார்ச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். கை குலுக்கினோம். அவர் தொடையில் தட்டி, "சரி, அப்ப..." என்றார். எல்லோரும் கிளம்பினோம். நாங்கள் தெற்கே, அவர்கள் வடக்கே.

தென்கோடியில், உங்கள் காருக்கு முன்னால் நின்று, கையிலிருந்த டிரக் சாவியைப் பார்த்தேன். ஜூடித், "எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

இருட்டத் தொடங்கும் நேரத்தில், வனக் காவலர் ஒருவர் வாகன நிறுத்தத்தின் கதவைப் பூட்ட வந்தார். "வண்டிய எடுங்க, பூட்டணும்" என்றார். சாவி இல்லை என்றேன். சாவி எங்கே என்றார். அந்த முனையில் என்றேன். அப்போ அந்த முனை வண்டியின் சாவி எங்கே என்றார். காட்டினேன். அவர் சாவியைப் பார்த்தார், என் குல்லாயைப் பார்த்தார், காருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு ஜூடித்தைப் பார்த்து, "வணக்கம் ஜூடித்" என்றார், "ஆரின் நல்லா இருக்காரா?" அதில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. உங்கள் காரை உள்ளே வைத்தே பூட்டிவிட்டு, அந்தத் தாளையும் ஒட்டிவிட்டு, எங்களைத் தன் வண்டியில் வடகோடிக்குக் கொண்டுபோய் விட்டார். விதி விதிதான், காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆரினும் மாரெனும் டிரக்கின் பின்பக்கத்தில், ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஆரின் என்னிடமிருந்து தன் சாவியை வாங்கி, உங்கள் சாவியைக் கொடுத்தார். "எனக்கும் தெரியும்" என்றார். "நீட்டிட்டேன். நீ வேணாம்னு சொல்லுவன்னு பாத்தேன்." மாரெனுக்கும் தெரிந்திருக்கிறது. காட்டுக்குள் நான்கு பேர், நான்கு பேருக்கும் தெரியும், ஒருத்தர் கூடச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட மனிதர்கள் இந்த மாநிலத்தைத் தவிர வேறெங்கும் இருப்பார்களா என்று தெரியவில்லை.

ஆகவே அத்தை, வாயைத் திறந்தபோது சாவி போனது, வாயை மூடியபோது கார் போனது. இருந்தாலும் வீடு கிடைத்தது. அதனால் உங்கள் யோசனை சரிதான் என்று முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் அடக்கமானவனாக இருப்பேன். பணக்காரர்களைப் பற்றிப் பேசுவதில்லை, காட்டுக்குள் நடப்பதில்லை. அடுத்த ஞாயிறு புதுவீட்டுக்கு உங்களைச் சாப்பிட அழைக்கிறேன், அடுப்பு புகையாவிட்டால். பெட்ரோல் நிரப்பிவிட்டேன். பின்னிருக்கைச் சேற்றைத் துடைத்துவிட்டேன், அல்லது பரப்பிவிட்டேன். உங்கள் முழங்கால்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டுகிற, என்றும் உங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,

ட்ரெவர் நோவாட்னி

பின்குறிப்பு: கடிதத்தை இருக்கையில் வைத்துவிட்டுக் காரைப் பூட்டும்போது மாரென் தொலைபேசியில் அழைத்தாள். காலைச் சாப்பாட்டின்போது ஆரின் வீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னாராம். வீடு எங்களுக்குத்தான், அதில் மாற்றமில்லை. திங்கள் முதல் வியாழன் வரை. வெள்ளி, சனி, ஞாயிறுகளில் நாங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். நேற்று பெஞ்சில் நான், எல்லோரும் அறைகளைச் சிகாகோக்காரர்களுக்கு விடுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? அவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டிருக்கிறது. ராத்திரியே விளம்பரம் போட்டாராம், காலைக்குள் நவம்பர் வரை வீடு நிரம்பிவிட்டதாம். எல்லோரும் நடக்க வருகிறவர்கள், இரண்டிரண்டு கார்களில். அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னதில், மாரென் இரண்டு தடவை நன்றி சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அத்தை, வெள்ளிக்கிழமை முழுக்க அந்தச் சிகாகோக்காரர்களுக்கு மீன் பொரித்துவிட்டு நான் எங்கே தூங்குவது?

இதை ஆரினிடமே நேரில் கேட்கத்தான் போகிறேன். அவர் தொடையில் தட்டினாலும் எழுந்திருக்கப் போவதில்லை. மேலே நான் உங்கள் யோசனையைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். கார் வாசலில் நிற்கும் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். ஆரின் வீடு நடந்து போகிற தூரத்தில் இல்லை. கடிதத்தை மட்டும் உங்கள் கதவிடுக்கில் செருகியிருக்கிறேன்.